உப்பு ரசீதின் பின்பக்கம்

டுலூத்தில் பனி விழுந்தால்
எனக்கு வேலை.
விழாவிட்டால் பேஸ்பால்.

இன்றிரவு இரண்டுக்கும் நடுவில்
பனித்தள்ளி வண்டியின் என்ஜினை ஓடவிட்டு
அதன் சூட்டில் விரல்களை நீட்டி மடக்கி
உப்பு ரசீதின் பின்பக்கம் எழுதுகிறேன்:
இருநூற்று அறுபது டாலர்.
இருபத்து மூன்று ஆட்டக்காரர்கள்.

மார்ச் கடைசி ஞாயிறு
டுவெய்ன் ஹாகென்சனின் கராஜில் ஏலம்.
பத்து மடக்கு நாற்காலி, ஒரு பியர் பெட்டி,
எல்லோர் மடியிலும் ஒளித்துப் பிடித்த தாள்.
இன்னும் அறுபத்தெட்டு நாள்.

போன வருடம் ஏழாவது இடம்.
காரணம் தெரியும்.
பந்து வீசுபவனுக்கு இருபதுக்கு மேல் தராதே.
அடியில் இரண்டு கோடு.
நல்ல கேட்ச்சர் நாலே பேர், முண்டியடிக்காதே.
கடைசி இன்னிங்ஸ் வீசுபவர்கள் ஈசல்:
ஏப்ரலில் இறக்கை, ஜூனில் காணோம்.

ஆனால் ஆட்டக்காரர்களைவிட
அந்த ஒன்பது பேர்தான் எனக்கு மனப்பாடம்.
டுவெய்ன் மினசோட்டாக்காரன் எவனையும் விடமாட்டான்;
விலையை ஏற்றிவிட்டு நான் இருமினால் போதும்.
பல் டாக்டர் ரோலண்ட் முதல் அரைமணி கஞ்சன்,
பீஸா வந்ததும் வள்ளல்.
லாவோன்,
என் தங்கையின் முன்னாள் கணவனின் இந்நாள் மனைவி,
பேசவே மாட்டாள். ஒரு விரலைத் தூக்குவாள்.
மூன்று வருடமாகக் கோப்பை அவள் ஃபிரிட்ஜின் மேல்.
அவளுக்கு எதிரே
கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

வயர்லெஸ் கரகரக்கிறது.
'மார்லிஸ், மெசபா அவென்யூவில் பஸ் சறுக்கிவிட்டது.'

போகிறேன். தகட்டை இறக்குகிறேன்.
வெள்ளையைத் தள்ளத் தள்ள வெள்ளை.
மேட்டில் ஏறும்போது
இரண்டாம் பேஸுக்கு யார் என்று யோசிக்கிறேன்.
இறங்கும்போது யோசிப்பதில்லை.
அந்த இறக்கம் அப்படி.

மூன்றரைக்குத் திரும்பி வந்து
காப்பி ஆறிக்கிடக்க
மிச்சமிருக்கும் ஒரே பெயருக்கு வருகிறேன்.

எவெலியோ சமோரானோ.
இடக்கை. வயது முப்பத்தைந்து.
முழங்கையை இரண்டு முறை அறுத்துத் தைத்தாயிற்று.
மூன்று வருடமாக வாங்குகிறேன்.
மூன்று வருடமாக ஜூலையில்
காயம்பட்டோர் பட்டியலில் போய்ப் படுத்துக்கொள்கிறான்.
போன முறை நாற்பத்தொரு டாலர்.

ஏன் என்று யாரும் கேட்டதில்லை.
விவாகரத்துத் தாள் மடியில் கிடக்க
நீதிமன்ற வாசலில் காரைவிட்டு இறங்காமல்
ரேடியோவில் அவன் ஒன்பது இன்னிங்ஸும் வீசியதைக் கேட்டேன்.
நூற்றுப் பதினேழு பந்து.
ஒன்றுக்குக்கூட அவசரப்படவில்லை.

பெயரை அடித்தேன்.
அடித்த கோட்டுக்கு மேலே மறுபடி எழுதியிருக்கிறேன்,
எப்போது என்று தெரியவில்லை.

அப்புறம்தான் உறைத்தது.
பல் டாக்டரின் மருந்துச் சீட்டில்,
டுவெய்னின் கராஜ் சுவரில்,
லாவோனின் மௌனத்தில்
என் பெயருக்கு எதிரே
சமோரானோ என்று இருக்கும்.
அவர்கள் இரும வேண்டியதுதான் பாக்கி.

சரி. அப்படியானால்
அவன் பெயரை முதலில் நானே சொல்கிறேன்.
ஒரு டாலர்.
ஐந்து என்பார்கள், எட்டு, பதினான்கு.
நான் பீஸாவையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.
லாவோனின் விரல் எழட்டும்.
எழுந்த விரலுக்கு அவனைக் கொடுத்துவிட்டு
கையைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

பக்கக் கண்ணாடியில் பழகிப் பார்க்கிறேன்.
'ஒரு டாலர்.'
கம்பளித் தொப்பிக்குள்
பொய் சொல்லத் தெரியாத ஒரு முகம்.
'ஒரு டாலர்.'
இமை துடிக்கிறது. மறுபடி.

நாள் இருக்கிறது, அறுபத்தெட்டு.
இல்லை, நள்ளிரவு தாண்டிவிட்டது.
அறுபத்தேழு.