விசிறியை முதலில் அணைக்கவும்

முன்பக்கம், ஒன்பது மீட்டர் சுவர் முழுக்கக் கடல்.
இரவு. பனி கொட்டுகிறது.
ஒற்றை விளக்கோடு ஒரு கப்பல்
மூழ்காமலும் கரை சேராமலும்
செவ்வாய் முதல் ஞாயிறு வரை தத்தளிக்கிறது.

கிளைபேடாவில் நவம்பர்.
வெளியே கூப்பிடு தூரத்தில் நிஜக் கடல், சாம்பல் நிறத்தில்,
இலவசம். யாரும் நின்று பார்ப்பதில்லை.
இங்கே நாலு யூரோ.

சுவரை ஒட்டி இடப்பக்கம் போனால் கதவில்லாத வழி.
ஸ்கைஸ்தே அப்படித்தான் கட்டச் சொன்னாள்.
உள்ளே ஒரு மேசை.
கறுப்புக் குப்பைப் பை, அதன்மேல்
இரண்டு விரற்கடைத் தண்ணீர்.
மேசை விசிறி, இரண்டாம் வேகத்தில்.
கத்தரித்த மத்தி மீன் டப்பாதான் கப்பல்;
சைக்கிளிலிருந்து பிடுங்கிய பல்பு அதன் விளக்கு.
மேலே மாவுச் சல்லடை,
சின்ன மோட்டார் உலுக்க உலுக்க
தூள் உப்பு உதிர்ந்து கரைகிறது.
இத்தனையையும் கண்கொட்டாமல் ஒரு கேமரா.

உப்பு வாங்குவது என் வேலை.
வியாழன்தோறும் இரண்டு கிலோ.
முட்டைக்கோஸ் ஊறப்போடவா என்றாள் கல்லாப் பெண்.
புயலுக்கு என்றேன்.
சில்லறையைக் கையில் தராமல் மேசையில் வைத்தாள்.

பின்பக்கம் வருகிறவர்கள் பெரும்பாலும் சிரிப்பார்கள்.
இவ்வளவுதானா என்று ஒரு பல் மருத்துவர்
காசைத் திரும்பக் கேட்டார்.
பிள்ளைகள் இரண்டு பக்கமும் ஓடி ஓடிப் பார்த்துவிட்டு
முன்பக்கமே போய் உட்காரும்.

அல்பினாஸ் சிரிக்கவில்லை.
இழுவைக் கப்பலில் இருபத்தாறு வருடம் இயந்திரம் பார்த்தவர்.
முன்னால் நின்றபோதே காலை அகட்டிக்கொண்டார்,
தரை ஆடப்போகிறதென்பதுபோல்.
பின்னால் வந்து வெகுநேரம் விசிறியைப் பார்த்தார்.
"காற்று தப்பு. இந்த அலைக்கு
வடமேற்கிலிருந்து வரணும்."

தொடாதீர்கள் என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.
சொல்லவில்லை.
விசிறியின் கழுத்தைக் கொஞ்சம் திருப்பினார்.

அந்தப் பக்கம் எல்விரா வீறிட்டாள்:
"அல்பினாஸ்! கப்பல்!"
அவர் ஒரு விரலால் டப்பாவைத் தாங்கினார்.
முன்னால் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள்:
கடலுக்குள்ளிருந்து தேவாலயக் கோபுரம்போல்
ஒரு விரல் எழுந்ததாம்,
நகத்தடியில் கிரீஸ்.

விரலை எடுத்து நாக்கில் வைத்தார்.
"எல்விரா, பனி கரிக்குது!"
"கடலாச்சே," என்றாள் சுவருக்கு அப்பால்,
"பின்னே இனிக்குமா?"

மூடும் நேரத்துக்கு ஸ்கைஸ்தே எழுதி ஒட்டிய குறிப்பு:
விசிறியை முதலில் அணைக்கவும்.
அலை அடங்கட்டும். பிறகு விளக்கு.
அணைத்தேன். பழைய பக்கம் திருப்பவில்லை.
அவள் இன்னும் கேட்கவுமில்லை.

அந்த வியாழன் மூன்று கிலோ வாங்கினேன்.