இங்கிலீஷ் படத்துக்குக் கதை சொன்னவன்

நீடாமங்கலம் டூரிங் கொட்டகையில்
வெள்ளி சனி ஞாயிறு இங்கிலீஷ் படம்.
ஆட்டத்துக்கு எட்டணா, மைக் என் கையில்.
இம்பாலில் மூன்று வருஷம் ஸ்டோர் கணக்கு எழுதியவன்,
அமெரிக்கன் வாயிலிருந்து வருவதில்
பாதி புரியும்.
மீதிக்கு நான் பொறுப்பு.

முதல் வாரம் குதிரைப் படம்.
தொப்பிக்காரன் முள்கம்பி இழுத்து
கண்ணுக்கு எட்டியவரை தன்னுடையது என்கிறான்.
"அதுக்கு முன்னாடி அது யாரு நிலம்ணே?"
மணல் தரையிலிருந்து பக்கிரி கேட்டான்,
வாரச் சாகுபடிக்காரன்.
படத்தில் அதற்குப் பதில் இல்லை.
இறகு செருகிய நாலு பேர்
குதிரையிலிருந்து விழுந்தார்கள், அவ்வளவுதான்.
நாற்காலி வரிசையில் பண்ணையார் மகன் செருமினான்.
"சண்டை நடக்குது" என்றேன் நான்.

அடுத்த வாரம் வீட்டுப் படம்.
யுத்தம் முடிந்து திரும்பிய ஒருத்தன்.
ஆள் உயர ஐஸ் பெட்டி, புல்தரை, நாய்,
வாசலில் கொடி.
இடுப்பில் துணி கட்டிய மனைவி
கோழியை முழுசாய் மேஜையில் வைக்கிறாள்.
அறுக்க வேண்டியது அவன்.
கத்தியை எடுத்தவன் அப்படியே இருக்கிறான்.
பிள்ளை பார்க்கிறது. நாய்கூடப் பார்க்கிறது.
அவள் தோளைத் தொடுகிறாள்; உதறுகிறான்.
மெஷினில் கார்பன் குச்சி எரிகிற சத்தம்,
வெண்ணாற்றுப் பக்கமிருந்து தவளை.

"என்னய்யா சொல்றான்?" என்றது கொட்டகை.

எட்டணா வாங்கியாயிற்று.
பெண்கள் பக்கம், குட்டைச் சுவருக்கு அந்தண்டை
செங்கமலம் இருக்கிறாள்,
மடியில் பையன் தூங்குகிறான்.

ஆம்பளை அழமாட்டான் என்று சொல்லியிருக்கலாம்.
போன வாரம் தொப்பிக்காரனுக்கு
அதைத்தான் சொன்னேன், விசில் பறந்தது.
மைக்கை வாய்க்குக் கிட்டே வைத்தேன்.
"தூக்கம் வரலைங்குறான்.
செத்தவன் பூட்ஸைக் கழுவி, கணக்குல ஏத்தி
அடுத்தவனுக்குக் குடுத்தேங்குறான்.
நம்பர் இன்னும் ஞாபகம் இருக்குங்குறான்."

விசில் இல்லை.
யாரோ பீடியை மணலில் நசுக்கினார்கள்.
பிறகு அவன் கோழியை அறுத்தான்,
மேஜையைச் சுற்றிச் சிரித்தார்கள்,
வாத்தியம் முழங்கியது, கொடி ஆடியது,
பத்தே நிமிஷத்தில் அமெரிக்கா சரியாகிவிட்டது.

பையன் என் தோளில்.
அரிக்கேனைப் பிடித்து முன்னால் போனவள்
மதகு தாண்டியதும் கேட்டாள்:
"அவன் வாயே அசையலையே?"

கொஞ்ச தூரம் நடந்தோம்.

"எட்டாம் நம்பர்" என்றேன்.

விளக்கை என் காலடிக்குத் தாழ்த்தினாள்.
"பாத்து வைங்க, சேறு."