ஏழாம் நாற்காலி

லிமா நகரில் இன்னும் விடியவில்லை.
ஐந்தரைக்கு நான் ஊசி போடத் தொடங்குகிறேன்.
செவ்வாய், வியாழன், சனி.
பன்னிரண்டு நாற்காலி,
பன்னிரண்டு இரத்தம் கழுவும் இயந்திரம்,
ஒவ்வொரு முகத்துக்கும் எதிரே
இரும்புக் கையில் தொங்கும் சின்னத் திரை.

ஆறில் ஒடெஸா ப்ரூயிட், பள்ளிப் பேருந்து ஓட்டியவர்.
ஏழில் வெர்லின் ஸ்டக்கி,
டாங்கி ஆலையில் முப்பத்தோரு வருடம் வெல்டர்.
யாருக்கு ஓட்டு என்று கேட்டதில்லை.
இரத்த அழுத்தம் குறிக்கும் தாளில்
அதற்கும் ஒரு கட்டம் இருந்தால்
சேனலைப் பார்த்தே நிரப்பிவிடுவேன்.

ஒரே கூட்டம், ஒரே புகை.
ஒரு திரையில் போலீஸின் முதுகுக்குப் பின்னாலிருந்து,
மறு திரையில் கூட்டத்தின் முதுகுக்குப் பின்னாலிருந்து.
எட்டரை மணி விவாதத்தில்
வெர்லினுக்கு நூற்று எழுபது.
ஒடெஸாவுக்கும்.

செப்டம்பரில் ஏழாம் திரை செத்தது.
உதிரிபாகம் வரவேண்டுமாம்.
ஒரு கை அசையாமல் நாலு மணி நேரம்;
கூரைப் பலகையின் துளைகளை எண்ணி முடித்து
வெர்லின் கழுத்தைத் திருப்பினார்.
பக்கத்துத் திரை, சத்தமில்லாமல்.

"என்ன சொல்கிறான்?"
கேட்க மூன்று வாரம் ஆனது.
"முட்டை விலை."
"அதற்கா இப்படிக் கையை ஆட்டுகிறான்?"
ஒடெஸா குலுங்கிச் சிரித்ததில் குழாய் மடங்கி
இயந்திரம் அலறியது. ஓடினேன்.

அப்புறம் ஒரு காதை அவரிடம் நீட்டினார் ஒடெஸா.
விதிப்படி தப்பு.
ஆல்கஹால் பஞ்சால் துடைத்து நானே மாட்டிவிட்டேன்.
அவருக்குப் பிடிக்கவில்லை.
கழற்றவும் இல்லை.

தேர்தலுக்கு முந்தைய சனிக்கிழமை உதிரிபாகம் வந்தது.
பழைய சேனல், பழைய முகம்.
செருப்பைக் கழற்றி வீட்டுக்குள் நுழைந்தவர்போல
சாய்ந்துகொண்டார்.
சத்தத்தை மட்டும் கூட்டவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து, யாரிடமோ:
"இவனும்தான் ஆட்டுகிறான்."

செவ்வாய். ஊசி எடுத்த இடத்தைப்
பத்து நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு
இருவரும் ஒரே வேனில் ஏறினார்கள்.
வழியில் தேவாலயக் கூடத்தில் நிற்கும் வேன்.
வியாழனன்று வெர்லின் சட்டையில்
ஓட்டுப் போட்டதற்கான ஸ்டிக்கர், ஓரம் சுருண்டு.
யாருக்கென்று எனக்குத் தெரியும்.
தொண்ணூறு சதவீதம் தெரியும்.

"நீ?" என்றார், என் வெறும் பையைப் பார்த்து.

சாவடி மூடுவது ஏழரைக்கு.
அன்று கடைசி நோயாளியை இறக்கிவிட எட்டாகிவிட்டது எனக்கு.
பன்னிரண்டு திரையும் பார்க்கிறவன் நான்.
அழுத்தப் பட்டையை அவர் கையில் சுற்றி
எண்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.