அடித்தல் திருத்தல்

கம்பெனியில் வீணாகக் கிடந்த பேரேடு இது.
அட்டையில் 2011 என்று பொன்னெழுத்து, பாதி உதிர்ந்துவிட்டது.
முன்பக்கமெல்லாம் நண்டு எடை.
பின்பக்கம் வெறுமை. அதில்தான் எழுதுகிறேன்,
இன்னும் பிறக்காத,
எனக்கு என்ன முறை என்றுகூடத் தெரியாத உனக்கு.

முதலில் பெயர்.
ஞானஸ்நானப் பதிவில் எமல்டா.
பள்ளிச் சான்றிதழில் இமால்டா.
ரேஷன் கார்டில் ஹேமலதா.
தேடினால் மூன்று பேர் கிடைப்பார்கள்.
மூவரும் பாம்பன் தெற்குவாடியில்
ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்.

பிறந்த தேதி ஜூன் ஒன்று இல்லை,
அது தலைமையாசிரியர் போட்டது.
அம்மா கணக்கில், ஆனைத்திருக்கை கரை ஒதுங்கி
ஊரே கூறு போட்டுத் தின்ற வாரத்துக்கு அடுத்த வாரம்.
அது எந்த வருடம் என்று நான் கேட்டுவைக்கவில்லை.
இப்படித்தான் இருக்கும் இந்தக் கணக்கு.
பொறுத்துக்கொள்.

அப்பா சந்தியாகு, கடல் அட்டை அவித்தவர்.
அந்த அண்டாவில் இப்போது தண்ணீர் பிடிக்கிறோம்.
பிடிக்கக் கூடாதென்று சட்டம் வந்த பிறகும்
இரண்டு வருடம் அவித்தார்.
எழுதலாமா என்று யோசித்தேன்.
உன் காலத்தில் வழக்கு காலாவதி ஆகியிருக்கும்.

தம்பி ரெக்சன்.
மண்டபத்தில் பஸ்ஸைத் தவறவிட்டு
பாலத்தின்மேல் நடந்தே வந்தோம் ஒருநாள்.
விளக்குக் கம்பங்களை எண்ணிக்கொண்டே வந்தான்.
எத்தனை என்பது மறந்துபோயிற்று.
நீ எண்ணிப் போட்டுக்கொள், கம்பம் நின்றால்.

அடுத்து மூன்று வரி அடித்திருக்கிறேன், பார்.

கச்சான் காற்றில் வத்தை கவிழ்ந்து போனான்.
ஊர் சொல்வது இது.
கல்லறைத் திருநாள் பூசைக்கு நாங்களும் இப்படித்தான் எழுதிக்கொடுக்கிறோம்.
அன்றைக்குக் காற்றே இல்லை. அடித்தேன்.

என் கழுத்துக்கு வாங்கிய கடனை அடைக்க
ராவோடு நண்டு வலை பார்க்கப் போனான்.
இது பாதி.
பாதியை எழுதும்போது
பேனா வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அடித்தேன்.

சோற்றுத் தட்டை அவன் முன்னால் வைத்து
"ஆம்பளைன்னு சொல்லிக்கிட்டுத் திரியாத" என்றது நான்.
அதையும் அடித்தேன்.
ஒற்றைக் கோடுதான்.
வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும்.

காகிதத்தில் ஏழு வருடம் அவன் சாகவில்லை.
காணாமல் போனவர் என்று எழுதிக்
கீழே கையெழுத்துக் கேட்டார்கள்.
ஹேமலதா போட்டாள்.
தேர்தலுக்கு அவன் பெயரில் பூத் சீட்டு வந்தது,
அம்மா அதை பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள்.

உப்புக்காற்று இது,
இரும்புக்கு முன்னால் காகிதம் துருவேறிவிடும்.
ஜெராக்ஸ் கடை சாகுபர் அலி சொன்னான்:
"பக்கம் பக்கமா லேமினேட் பண்ணிருவோம் அக்கா,
நூறு வருசம் கெடக்கும்."
ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன்.
ஐஸுக்குள் மீன் மாதிரி என் கையெழுத்து.
அதன்மேல் பேனா பிடிக்கவில்லை.
பிழை இருந்தால் நீ எப்படி அடிப்பாய்?
மீதியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.
நண்டு கட்டும் கனத்த கவர், இரண்டு அந்துருண்டை,
மேலே தெர்மாகோல் பெட்டி.
கவிச்சி அடித்தால் முகம் சுளிக்காதே,
அதில்தான் சோறு வந்தது.

தமிழ் வாசிப்பாயோ என்னவோ.
தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடு.
அவர் சுருக்கிச் சொன்னால் நம்பாதே.

இன்னொன்று.
பேரேட்டைத் திருப்பி முன்பக்கமும் பார்.
2011, ஜூலை 19.
விடியும் முன்பே வத்தைக்காரர்கள் பெயரை
வரிசையாக எழுதிவைத்துவிடுவேன்,
எடை வர வர நிரப்புவது பழக்கம்.
சேசு அடிமை, 4 கிலோ 200.
முனியசாமி, 6 கிலோ.
ரெக்சன்.
அதற்கு நேரே ஒன்றும் இல்லை.
அடியில் கூட்டல் போட்டிருக்கிறேன்,
என் கையெழுத்துதான்.
சரியாகவே இருக்கிறது.