கிளிப்

நாற்பது படங்களுக்கு ஆர்டர்.
எல்லாம் ஒரே முகம்.
வெள்ளைத் தலைத்துணி, கறுப்புக் கயிறு,
லேசாக மேலேறிய இடப் புருவம்.
தேசிய தினத்துக்கு முந்தின வியாழனுக்குள்
ராஸ் மில்ஹ் ஊரின் பள்ளிகளுக்கும், மீன்வளத் துறைக்கும்,
பிணவறை அலுவலகத்துக்கும் போய்ச் சேர வேண்டும்.

முப்பத்தொன்றாவது கண்ணாடியைத் துடைத்து முடித்தபோது
சவரிராஜ் வந்தான்.
ஆளுநர் மாளிகையில் கார் கழுவுகிறவன்.
"ரெண்டு நாளா கறுப்பு வண்டியத் தொட வேணாம்னுட்டாங்க.
தூசி அப்படியே இருக்கணுமாம்."
அவ்வளவுதான் சொன்னான்.
வாங்கிய ஐந்து ரியால் கடனில் இரண்டைத் தந்துவிட்டுப் போனான்.

மாலைக்குள் தூசி வளர்ந்துவிட்டது.
முடிதிருத்தும் முசம்மில் அதில் ஒரு கப்பலைச் சேர்த்தான்,
துறைமுகத்துக்கு வராமலே பில் வந்த கப்பல்.
மளிகைக் கடைக்காரன் ஒரு மைத்துனனைச் சேர்த்தான்.
லேபர் கேம்ப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது
வழக்குக்கு எண்ணே வந்திருந்தது,
அறைக்கு அறை ஓர் இலக்கம்தான் வித்தியாசம்.
நீதிமன்றத்தில் மொழிபெயர்க்கும் எகிப்துக்காரர் வஜ்தி
சுலைமானியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
அவர் சொல்லாததுதான்
எல்லாவற்றையும்விட வேகமாகப் போனது.

குரல் தாழ்த்தத் தெரியாத தில் பகதூர்கூட
ஏ.சி.யை முழுசாக வைத்துவிட்டுத்தான் வாய் திறந்தான்.
"குற்றப்பத்திரிகையா? பதவியில இருக்கும்போதேவா?"
முதலாளி ஹம்சக்கோயா கதவைப் பார்த்தார்.
"வேலைய நிறுத்து. படத்தையெல்லாம் சுவர்ப் பக்கமாத் திருப்பி வை."
திருப்பினேன்.
முப்பத்தொரு முதுகுகள், அட்டை நிறத்தில்.
திரும்பி நிற்கிற முகம்தான் அதிகமாகப் பார்க்கும் என்பது
இரவு கடையில் தனியே படுத்தபோது தெரிந்தது.

என் மேலும் ஒரு வழக்கு இருந்தது.
பழைய கம்பெனி 'ஓடிப்போனான்' என்று எழுதிக் கொடுத்தது,
அவர்கள் கிடங்கிலேயே சம்பளமில்லாமல்
நான் படுத்துக் கிடந்த மாதத்தில்.
அதற்கு முன்னால் வதந்தி எதுவும் வரவில்லை.
டீக்கடையில் யாரும் என் பெயரை மெல்லவில்லை.
எந்த வண்டியின் தூசியும் எனக்காகக் காக்கப்படவில்லை.
விடிகாலை நாலரைக்கு
நேராக வழக்கே வந்தது, செருப்பு மாட்டவும் விடாமல்.
வதந்திக்கும் ஒரு தகுதி வேண்டும்போல.

கோபமா என்றால், இல்லை.
அவர் செய்தாரா என்றும் தெரியாது.
எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த முகம், மில்லிமீட்டர் கணக்கில்.
வலக் கண்ணுக்குக் கீழே ஒரு மரு.
அச்சகத்தில் அழித்திருக்கிறார்கள்.
சரியாக அழிக்கவில்லை.

புதன்கிழமை ஆளுநர் அலுவலக எழுத்தர் சாலிம் வந்தார்.
ஆர்டர் ரத்து என்பார் என்று
முன்பணத் தாளை விரலிடுக்கில் வைத்திருந்தார் முதலாளி.
சாலிம் ஒரு படத்தை எடுத்தார்.
முகத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.
பின்னட்டையில் நான் அடித்த ஆணிகளை
ஒவ்வொன்றாகத் தடவினார்.
"நாற்பதும் வேண்டும். சொன்ன நாளில்.
ஆணி மட்டும் வேண்டாம்.
கிளிப் போடு.
விரலாலேயே திறக்கிற மாதிரி."

ஏ.சி. ஓடுகிற சத்தம்.
"அல்லாஹ் அவருக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும்" என்றார் முதலாளி.
"ஆமீன்" என்றார் சாலிம்,
கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடிக்கொண்டே.

இரவெல்லாம் ஆணி பிடுங்கினேன்.
படத்துக்கு எட்டு.
ஒன்றில் மட்டும் ஓர் ஆணி வரவில்லை.
தலை முறிந்து மரத்துக்குள்ளேயே தங்கிவிட்டது.
அதன் மேலேயே கிளிப்பை மாட்டி,
மீன்வளத் துறை என்று எழுதி ஒட்டினேன்.