ஒன்பது வரித் திருத்தம்

பெருமாள்புரம் மூன்றாவது தெரு. கரண்ட் போய்
இன்வெர்ட்டரில் சுற்றுகிறது ஒற்றை ஃபேன்.
இசக்கிராஜ் அனுப்பிய திருத்தம் ஒன்பது வரி:
நினைவகம் நெருக்கும்போது
கொஞ்ச நேரம் யாரும் தொடாத பக்கங்களை
இரண்டாம் முறை கேட்காமல் வெளியேற்று.

கேட்டு எழுதினேன்:
வட்டுக்குப் போகக் காத்திருக்கும் அழுக்குப் பக்கம்?
பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே தூங்குகிறவன்?
'அவனத் தாண்டிப் போயிருதேன்க்கா, பாருங்க.'
பார்த்தேன். தாண்டித்தான் போகிறான்.

ஆறாவது வரியில் அவன் நீக்கியிருப்பது
ஒரு சின்ன நிபந்தனை. யார் எழுதியதென்று தேடினால்
என் பெயர். ஏழு வருஷம் முந்தைய ஐப்பசி.
எதற்குப் போட்டேன்?
குறிப்பில் 'தேவைப்படுகிறது' என்று மட்டும்.
வேறொருத்தர் இப்படி எழுதியிருந்தால்
கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன்.

கல்லிடைக்குறிச்சி அப்பளக் கம்பெனி கழித்துப்போட்ட
அரை ஜிபி பெட்டியில் ஏற்றி
ராத்திரி முழுக்க நெருக்கினேன்.
முழி பிதுங்கியது; விழவில்லை.
ஐந்தரைக்கு கார்ப்பரேஷன் தண்ணி வர
மோட்டார் போட எழுந்தேன்,
அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

ஒப்புதல் என்று அடித்தேன்.
அழித்தேன்.
'இன்னொரு ராத்திரி ஓடட்டும், இசக்கி.
உன் மேல சந்தேகம் இல்ல.
அந்த வரியப் போட்டவ
என்னத்தையோ பாத்திருக்கா.'