வேற ஆள்

கறுத்தப் பேனையும் கடுதாசியுமாய் மிஸ் கேட்டா:
"வேற ஆக்களோட ஊசி மாறிப் போட்டனீங்களோ?"
இல்லை எண்டன்.
அது பொய்யில்லை.
அல்வின் எனக்கு வேற ஆளில்லை.

பாஷையூர்க் கரையில
எஞ்சின் கழட்டின வள்ளத்துக்குப் பின்னால
நாங்கள் இருந்த இரவுகளில
அவன்தான் முதல், பிறகு நான்.
சோறெண்டால் எனக்குத்தான் முதல் போடுவான்,
மீன்தலையையும் எனக்கே விடுவான்.
இதில மட்டும் அவன் முதல்.
என்ர நரம்பு எனக்குப் பிடிபடாது,
அவன்ர பெருவிரலுக்குத் தெரியும்.
நண்டுக் கொம்பனியில வெட்டுப்பட்ட என்ர கையை
லாம்பு வெளிச்சத்தில திருப்பித் திருப்பிப் பாப்பான்.
தாலி கட்டேக்க கூட
அவன்ர கை இவ்வளவு நிதானமாய் இருக்கேல்லை.
"நோகுதோ?" எண்டு கேப்பான்.
என்னிட்டை அப்பிடிக் கேட்டது
வேற ஆர்?

நாவாந்துறைப் பெடியங்கள் வந்தால் புது ஊசி.
உறை கிழியிற சத்தம் காதில கேக்கவேணும்.
அவங்களை எங்களுக்குத் தெரியாது.
தெரியாதவங்களிட்டை
எவ்வளவு சுத்தமாய் இருந்தம்!

ஒருக்கால், ஐப்பசி அடைமழைக்கை,
ரெண்டு ஊசி இருந்தது.
நான் புதுசை எடுத்தன்.
அல்வின் ஒண்டும் பேசேல்லை.
கனநேரம் கடலைப் பாத்திட்டு,
"என்னில அருவருப்போ?" எண்டான்.
எடுத்ததைத் திரும்ப வைச்சிட்டன்.
அடுத்தநாள் அதைச் செபநேசன் கொண்டுபோனான்.

செபநேசன்.
பத்து வருசம் அல்வினோட ஒரே வள்ளம்.
சோளகத்தில ஒருநாள் அது கவிழ,
ஒரே கானைப் பிடிச்சுக்கொண்டு
விடியுமட்டும் மிதந்தவங்கள்.
அல்வினுக்கு அவன் வேற ஆளில்லை.
செபநேசனுக்கு மறியலில ஒருத்தன்,
பக்கத்துப் பாய்க்காரன்,
பேர் சொல்லமாட்டான்.
காய்ச்சலில கிடக்கத் தலையைத் தூக்கிவைச்சுத்
தண்ணி பருக்கினவனாம்.
அவனும் வேற ஆளில்லை.
அந்தப் பேரில்லாதவனுக்கும்
ஆரோ ஒருத்தர் இருந்திருப்பினம்.

இப்ப என்ர பேருக்கு நேரே ஒரு கூட்டல் குறி.
ஹெபற்றைற்றிஸ் சி.
ஈரலில இருக்குமாம், கனகாலத்துக்குச் சத்தம் போடாதாம்.
குளிசை இருக்கு, மாறும் எண்டும் மிஸ் சொன்னா.
பிறகு,
"ஆரிட்டையிருந்து எண்டு ஏதும் ஞாபகம்?"

நான் பயந்த ஆக்களை ஒவ்வொருத்தராய் எண்ணினன்.
பெடியங்களை, தூள் விக்கிறவனை,
சந்தியில பல்லிளிக்கிறவனை.
அவங்களில ஒருத்தனும் இல்லை.
என்னில பிரியமான ஆக்களுக்குள்ளாலதான்
அது நடந்து வந்திருக்கு,
வாசலில செருப்பைக் கழட்டிவிட்டிட்டு,
வீட்டாள் மாதிரி.

"மிஸ், முதல் கேட்டதைத் திருப்பிக் கேளுங்கோ" எண்டன்.
அவவுக்கு விளங்கேல்லை.
வெளியில கொரிடோர் நிறைய ஆக்கள்,
அடுத்த நம்பரைக் கூப்பிட்டா.

வீட்டை வந்து
ரெண்டு புது ஊசியில ஒண்டுக்குச்
சிவப்புக் கியூட்டெக்ஸ் தடவினன்.
காயுமட்டும் ஊதினன்.
"இது என்ர."
அல்வின் சிரிச்சான்.
பிறகு சிரிக்கேல்லை.
"உலை பிரிக்கிறாய் என்ன?" எண்டான்.

கடுதாசி சட்டைக்குள்ளை கிடந்து வேர்வையில ஊறிச்சு.
அதில இருக்கிறது என்ர பேர்.
எடுத்துக் குடுத்தால்
அவன் தன்ர பேரைத்தான் வாசிப்பான்.
இண்டைக்கில்லை.
நாளைக்குச் சொல்லுவன், அவனையும் கூட்டிக்கொண்டு போவன்
எண்டு நினைக்கிறன், நினைக்கத்தான் செய்யிறன்.

கையை நீட்டினன்.
"நரம்பை நீதான் பிடிச்சுத் தரவேணும்."

லாம்பு எரிஞ்சுகொண்டு இருந்தது.
அவன்ர பெருவிரல் வரக்
கொஞ்சம் சுணங்கிச்சு.